பீடோங் ஓடையில் இரு நிறத் தண்ணீர்

கமலா அண்ணிக்கு முட்டியில் அறுவை சிகிச்சை என்று போன் வந்தபோது எங்கள் ஊரில் குறுவை அறுவடை. அறுவடை என்று சொல்வது பெயருக்குத்தான். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் கிடைக்கிற வெயிலில், சாலையில் கொட்டிய நெல்லைக் காயவைப்பதும் தார்ப்பாய் போட்டு மூடுவதுமாக ஓடுகிற ஓட்டம் அது. என் கணவரால் வயலை விட்டு அசைய முடியவில்லை. நான் புவியியல் ஆசிரியை. எனக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை. "அக்கா படுத்துக் கிடக்கும். நீ போய்ப் பாத்துக்க, வசந்தி" என்றார். முப்பது வருடத்துக்கு முன் மலேசியாவில் கெடாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன நாத்தனாருக்கு ரசம் வைத்துக் கொடுப்பதற்காக, நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாகக் கடல் கடந்தேன்.

பீடோங்கில் வீட்டு வாசலில் இறங்கியபோது அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். "வா வசந்தி. மொதல்ல சாப்புடு. அப்புறம் என்னைக் கவனி லா" என்றார். அந்த 'லா' எங்கள் ஊரில் கிடையாது. அதைத் தவிர அவர் பேச்சில் தஞ்சாவூர் அப்படியே இருந்தது.

அண்ணியின் கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஜொகூர் பக்கம். வீட்டில் மகள் சாந்தியும் அவளுடைய ஆறு வயது மகள் திவ்யாவும் இருந்தார்கள். சாந்தி என்னை அத்தை என்பதைக் கேட்டு, திவ்யாவும் அத்தை என்றே கூப்பிட்டாள். யாரும் திருத்தவில்லை. நான் திருத்துவேனா?

சாந்தி கடையிலிருந்து ரொட்டி சானாய் 'தப்பாவ்' பண்ணிக்கொண்டு வந்தாள். தப்பாவ் என்றால் பொட்டலம். நம் பரோட்டாவைவிட மெலிசு, மொறுமொறுப்பு அதிகம், தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. நான் சமைக்க வந்த வீட்டில் முதல் இரண்டு வேளையும் எனக்குத்தான் சாப்பாடு போட்டார்கள். மூன்றாம் வேளை சண்டை போட்டு அடுப்பைக் கைப்பற்றினேன்.

இரண்டாம் நாள் அண்ணிக்கு மருந்து வாங்கச் சுங்கைப் பட்டாணிக்குத் தனியாகப் போனேன். போனது சரி. திரும்புகையில் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. வந்த வழியில் பார்த்தவை மாதிரியேதான் இருந்தன. செம்பனைத் தோட்டத்தில் கிழக்கும் மேற்கும் ஒன்றுதான். கடைசி நிறுத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்து மலாயில் ஏதோ கேட்டார். பின் சீட்டுக்காரர் மொழிபெயர்த்தார்: "இது பாடாங் செராய், அக்கா. நீங்க எங்க போவணும்?" புவியியல் ஆசிரியைக்கு முகம் சிவந்து போனது.

எதிரே இருந்த மளிகைக் கடைக்காரர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, சாந்திக்குப் போன் போட்டுக் கொடுத்து, கேட்காமலே ஒரு 'கோப்பி ஓ'வும் வரவழைத்தார். பாலில்லாத காப்பி, அடிநாக்கு வரை கசப்பு, அதற்கு மேல் சர்க்கரை. கடையில் பால்மரம் வெட்டுகிற, அதாவது பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கிற ஓர் அம்மாள் அரிசி வாங்கிக்கொண்டிருந்தார். இன்று வேலை இல்லையா என்று கேட்டேன்.

"மழ பேஞ்சா ஏது வேல? பட்ட நனைஞ்சிருந்தா பால் கோப்பைல நிக்காது, மரத்து மேலயே வழிஞ்சிரும். முன்னெல்லாம் மழைக்குன்னு ஒரு மாசம் இருந்துச்சு. இப்ப எல்லா மாசமும் அதுக்குத்தான் சொந்தம். இப்படியே போனா கித்தா மரத்த யாரு வச்சிருப்பா? வெட்டிப் போட்டுட்டு டுரியான் நடுறாங்க."

கித்தா என்றால் ரப்பர். டுரியான் நல்ல விலை போகிற முள்தோல் பழம். எங்கள் ஊரில் நெல் நனைகிறது, இங்கே பட்டை நனைகிறது. இரண்டு பேரும் வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டோம். சாந்தி காரில் வந்து என்னை அள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரர் காப்பிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கெடாவில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. சனிக்கிழமை அண்ணி எங்களை விரட்டினார். "நாள் பூரா என் முட்டியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா அதுக்கே வெக்கமாயிரும். போய் ஓடையில குளிச்சிட்டு வாங்க."

மலையடிவாரத்து ஓடை அது. ஜெராய் மலை பக்கத்தில் நீலமாக நின்றது. கூழாங்கல் மேல் முழங்கால் ஆழத் தண்ணீர். மலாய்க் குடும்பம் ஒன்று பாய் விரித்துச் சோறு சாப்பிட்டது. சீனப் பிள்ளைகள் இரண்டு பேர் மீன் பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு கல் எறிந்தார்கள். கரையில் தகரக் கூரை போட்ட மீ கோரேங் கடை, வறுத்த நூடுல்ஸ் விற்பது. கடைக்கார அம்மாள் ஐம்பது வயதிருப்பார், குட்டை முடி, கழுத்தில் சின்னச் சிலுவையும் போலீஸ்காரர் வைத்திருப்பது போன்ற விசிலும். கரண்டி சட்டியில் இருந்தது, கண் ஓடையில் இருந்தது.

நானும் திவ்யாவும் தண்ணீரில் இறங்கினோம். சாந்தி கரையில் துண்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. திவ்யா என் விரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தாவினாள்.

விசில் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தேன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நாளெல்லாம் விசில் சத்தம், யார் கவனிப்பார்கள்? மறுபடியும் விசில், இப்போது நிற்காமல். சீனப் பிள்ளைகள் கரையேறி ஓடினார்கள், மலாய்க் குடும்பம் பாயைக்கூட எடுக்காமல் மேலே ஓடியது. எனக்கு அப்போதும் புரியவில்லை. வெயில் அடிக்கிறதே என்றுதான் தோன்றியது.

"ஏ அக்கா! தண்ணி வருது! மேல ஏறு!"

கடைக்கார அம்மாள் விசிலை வாயிலிருந்து துப்பிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடி வந்தார். திவ்யாவை இடுப்போடு தூக்கித் தோளில் போட்டார். மறு கையால் என் மேற்கையைப் பிடித்து இழுத்தார். என் செருப்பு கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது, குனியப் போனேன். "செருப்பா முக்கியம்?" என்று ஒரு அதட்டல். முழங்கால் சிராய்க்கக் கரையேறி, கடைக்குப் பின்னால் இருந்த படிகளில் பாதி ஏறியிருப்போம். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். லாரியில் ஜல்லி கொட்டுவது போல.

வளைவைத் திரும்பி அது வந்தது. தண்ணீர் என்றே முதலில் தெரியவில்லை. கிளைகளும் சருகும் மண்ணும் சேர்ந்த பழுப்புச் சுவர், என் இடுப்பு உயரத்துக்கு. நாங்கள் நின்ற இடம் ஒரே நொடியில் இல்லாமல் போனது. மலாய்க் குடும்பத்தின் பாய் ஒரு சுற்றுச் சுற்றி மறைந்தது.

சாந்தி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். திவ்யா அழவில்லை. "அத்த, உங்க செருப்பு போயிருச்சு" என்றாள். அதைக் கேட்டதும் குனிந்து என் வெறுங்காலைப் பார்த்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாள் எங்கள் மூன்று பேருக்கும் சூடாக மைலோ கலக்கிக் கொடுத்து, மீயும் எடுத்து வைத்தார். பெயர் ரோஸ்லின். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இதற்குக் 'கெபாலா ஆயர்' என்று பெயர், தண்ணீரின் தலை என்று அர்த்தம், என்றார். மலை மேல் மழை கொட்டும். கீழே வெயில் அடிக்கும். ஆற்றின் தலை திடீரென்று வந்து நிற்கும்.

"வெயில் அடிக்கிறப்ப உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"மேல ரம்லின்னு ஒருத்தரு டுரியான் தோட்டம் வச்சிருக்காரு. அங்க மழ கொட்டுனா எனக்குப் போன் பண்ணுவாரு. இன்னிக்குப் பண்ணாரு. நான் தண்ணியப் பாத்தேன். சருகு வந்துச்சு. அவ்ளோதான், ஊதிட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை மெல்ல உருவிக்கொண்டு, "மீ ஆறிரும், சாப்புடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னபோது அவர் திவ்யாவை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பிறகு சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றச் சொன்னார். "வெறுங்கையோட விடலாமா அந்தப் பொம்பளைய? போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

மறுநாள் காலை ஒரு டப்பா நிறைய முறுக்கும், அண்ணி எடுத்துக் கொடுத்த புடவையும், காலில் சாந்தியின் செருப்புமாகப் போனேன். ரோஸ்லின் அக்கா முறுக்கை எடுத்துக்கொண்டார், புடவையைத் திருப்பிக் கொடுத்தார். "இதக் கட்டிக்கிட்டு மீ பெரட்ட முடியாது. அதுக்குப் பதிலா எனக்கு ஒரு வேல செய்ங்க. இந்தச் சாக்க ஒரு பக்கம் புடிங்க, மேல கொண்டு போவணும்."

சாக்கில் புல் நாற்று. எடுத்து மோந்து பார்த்தேன். வெட்டிவேர். எங்கள் ஊர்க் கோடையில் பானைத் தண்ணீரில் போடுகிற அதே வாசனை, கெடா மலையடிவாரத்தில்.

ஏறுகிற வழியில்தான் தம்பி சேவியரைப் பற்றிச் சொன்னார். பால்மரம் வெட்டுகிறவன். ஏழு வருடத்துக்கு முன் இதே கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குளித்தான். தண்ணீர் வருகிறது என்று கரையேறியும் விட்டான். வண்டிக்காகத் திரும்ப இறங்கினான். "புது வண்டி. ரெண்டு மாசம்தான் ஆச்சு." சாக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். நேற்று செருப்புக்காகக் குனிந்த என்னை அவர் ஏன் அப்படி அதட்டினார் என்று புரிந்தது.

சேவியர் போன பிறகுதான் அவர் கடையை இங்கே போட்டார். சர்ச்சிலிருந்து நாலு பேர், மாரியம்மன் கோயிலிலிருந்து நாலு பேர் என்று சேர்த்துக்கொண்டு கரையில் நட ஆரம்பித்தார். தண்ணீர் விளிம்பில் மூங்கில், சரிவில் வெட்டிவேர், நடுநடுவே ஜம்பு மரம்.

ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். என் வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர்கள் வயலில் உப்புத் தண்ணீர் ஏறி இரண்டு போகமாக ஒன்றும் விளையவில்லை. பருவநிலை மாற்றம் பற்றிய பாடத்தை நான் நடத்தி முடித்ததும் எழுந்து நின்று, "டீச்சர், இதையெல்லாம் திருப்ப முடியுமா?" என்றாள். நான் பாடப்புத்தகத்தில் இருந்த ஐந்து வழிமுறைகளைக் கரும்பலகையில் எழுதினேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆனால் உட்காரும்போது என்னைப் பார்த்த பார்வை, விடை வரவில்லை என்றது.

"நீங்க என்ன நெனக்கிறீங்க? நெஜமா?" என்று கேட்டார் ரோஸ்லின் அக்கா.

நிஜத்தைச் சொன்னேன். கடலுக்குள் போய்விட்ட சூடு நம் ஆயுளில் வெளியே வராது. காற்றில் ஏறிய புகை பல தலைமுறைக்கு அங்கேயே நிற்கும். உலகம் புகையை நிறுத்தினால் இதற்கு மேல் மோசமாவது நிற்கும். மழை பழைய மாதத்துக்குத் திரும்பிவிடும் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லச் சொல்ல என் குரல் தணிந்துகொண்டே போனது.

அவர் மறுக்கவில்லை. "எந்திரிங்க, ஒண்ணு காட்டுறேன்" என்றார்.

கொஞ்சம் மேலே இரண்டு ஓடைகள் ஒன்றாகச் சேர்கின்றன. இடப்பக்கத்து ஓடை பழைய கித்தாத் தோட்டத்திலிருந்து வருகிறது. மானேஜர் கரையில் நட அனுமதி கொடுத்திருக்கிறார். வலப்பக்கத்து ஓடை ரம்லியின் டுரியான் தோட்டத்தைத் தாண்டி வருகிறது. இரண்டின் மேலும் நேற்று ஒரே மழைதான் பெய்திருந்தது. இடப்பக்கத்துத் தண்ணீர் 'தே ஓ' என்கிற பாலில்லாத் தேநீர் நிறத்தில், அடியில் கல் தெரிய ஓடியது. வலப்பக்கத்துத் தண்ணீர் பால் ஊற்றிய தே தாரேக் மாதிரி மண்ணோடு புரண்டது. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டும் கலக்காமல் பக்கம் பக்கமாகவே ஓடின.

"ஆறு வருசத்துக்கு முன்னால ரெண்டும் ஒரே கலர்தான்" என்றார். "தலத்தண்ணி நிக்கலக்கா. இந்தப் பக்கமும் வரத்தான் செய்யுது. ஆனா மண்ணு வரல. மண்ணு வந்தா அடியில மேடு கட்டிரும், அடுத்த தண்ணி இன்னும் ஒசரமா வரும். அதாவது கொறைஞ்சுதே. மழைய நான் திருப்ப முடியாது. கரைய கொஞ்சம் திருப்பிட்டேன்."

நான் குனிந்து இடப்பக்கத்தில் ஒரு கையும் வலப்பக்கத்தில் ஒரு கையும் விட்டேன். நிழலில் வந்த தண்ணீர் குளிர்ந்திருந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு இதைக் கையால் தெரிந்துகொள்ள ஒரு மீ கடைக்கார அம்மாள் தேவைப்பட்டார். அவருக்கு நன்றி என்றேன். எதற்கு என்று கேட்டார். நேற்றையது வேறு, இது வேறு என்றேன்.

"ரம்லி கரையில ஏன் நடல?"

"அஞ்சு வருசமா கேக்குறேன். ஓரத்துல பத்தடி விட்டா ஒரு வரிச டுரியான் போயிரும்னு சொல்வாரு. அவரக் குத்தம் சொல்ல முடியாது லா. மழயில கித்தா வெட்ட முடியாம நஷ்டப்பட்டுத்தான் டுரியானுக்கு மாறுனாரு. அஞ்சு புள்ளைங்க. ஆனா மழ வந்தா மொதப் போன் அவருதான். சேவியரத் தேடி வந்ததும் அவருதான்."

அடுத்த மூன்று நாள் அண்ணியை நடக்கவைப்பதில் போனது. வாசல் வரை, பிறகு கேட் வரை, பிறகு பக்கத்து வீடு வரை. அந்தப் பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு பழத்தை அண்ணி கையில் திணித்து அனுப்பினார். மூன்றாம் நாள் இரவு நல்ல மழை. காலையில் அண்ணி கைத்தடி இல்லாமல் அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டு, "ரசம் வைக்கத் தெரியும், சட்னி அரைக்கத் தெரியல ஒனக்கு" என்றார். ஆள் தேறிவிட்டார்.

ஊருக்குக் கிளம்ப ஒரு நாள் இருந்தது. சாந்தியோடு விடைபெற ஓடைக்குப் போனேன். ரோஸ்லின் அக்காவின் கடை முன்னால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. பெஞ்சில் தொப்பி போட்ட ஒரு மலாய்க்காரர், அறுபது வயதிருக்கும், பூட்ஸ் முழுக்க மண். அவர்தான் ரம்லி. ரோஸ்லின் அக்கா என்னைக் காட்டி மலாயில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து, நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். பாப்பா நலமா என்று கேட்டதாக அக்கா மொழிபெயர்த்தார். நலம், உங்கள் போனால்தான் நலம் என்றேன். அதையும் மொழிபெயர்த்தார். ரம்லி தரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதைச் சாந்தி என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நேற்று இரவு மழையில் ஓரத்து வரிசை சரிந்துவிட்டது" என்றார் ரம்லி. "அதற்கு மேல் வரிசையும். அடுத்த வருடம் காய்க்க வேண்டிய மரங்கள். மண்ணோடு ஆற்றுக்குள் போய்விட்டன."

"பார்த்தேன், பாங்" என்றார் ரோஸ்லின் அக்கா. பாங் என்றால் அண்ணன். 'நான் அப்போதே சொன்னேனே' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் தே ஓ ஊற்றி ரம்லி முன்னால் வைத்தார்.

ரம்லி கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "பத்தடி நீ கேட்டாய். ஆறு பதினைந்தடி எடுத்துக்கொண்டது." பிறகு நிமிர்ந்து கேட்டார்: "அந்தப் புல் இன்னும் மிச்சம் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"எவ்வளவு?"

"உங்கள் கரைக்குப் போதும். உங்களுக்கென்று தனியாக வளர்த்து வைத்திருக்கிறேன், ஐந்து வருடமாக."

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்.

என் விமானம் மறுநாள் மாலைதான். அண்ணியிடம் கேட்டேன். "பெட்டிய நான் உக்காந்துக்கிட்டே அடுக்கிருவேன். போ" என்றார்.

ஏழு மணிக்குச் சரிவில் பதினான்கு பேர் இருந்தோம். ரோஸ்லின் அக்கா, சர்ச் ஆட்கள், கோயில் ஆட்கள், ரம்லி, அவருடைய மகன்கள் இருவர், சாந்தி, நான். ரம்லியின் மனைவி வாழையிலையில் நாசி லெமாக் மடித்துக் கொண்டு வந்திருந்தார். தேங்காய்ப்பால் சோறு, சம்பல், நெத்திலி, பாதி முட்டை. மண் கையோடு சாப்பிட்டோம். சரிந்த இடம் புண் மாதிரி சிவப்பாகத் திறந்து கிடந்தது. மேலே இருந்து வரிசையாக இறங்கினோம்: ஒரு குழி, ஒரு பிடி வேர், ஒரு மிதி. என் நகக்கண்ணெல்லாம் செம்மண்.

பாதிச் சரிவு கூட முடியவில்லை. மலை மேல் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. எல்லாரும் ரோஸ்லின் அக்காவைப் பார்த்தார்கள். நாங்கள் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தோம். அவர் எட்டி ஓடையைப் பார்த்தார், ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டார், மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தார்.

"மழ வருதேக்கா" என்றேன்.

"வரட்டும் லா. நட்டதுக்குத் தண்ணி ஊத்துற வேல மிச்சம்" என்றார்.